சுருட்டி வைத்த டிஎன்ஏ: கரு வளர வளர எந்த மரபணு எப்போது திறக்கிறது?

கோழிக் கருவிலிருந்து இரண்டு வகைச் செல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிவப்பணு. மனிதச் சிவப்பணு முதிரும்போது உட்கருவை இழந்துவிடும். பறவைகளின் சிவப்பணுவில் அது அப்படியே இருக்கும், ஆகவே டிஎன்ஏவும் இருக்கும். இன்னொன்று இணைப்புத் திசுவிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட். இரண்டும் ஒரே கருமுட்டையின் வழி வந்தவை. ஹீமோகுளோபினைச் செய்யத் தேவையான குளோபின் மரபணு இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

1976-இல் ஹரால்ட் வைன்ட்ராபும் மார்க் குரூடினும் இத்தகைய செல்களின் உட்கருக்களைப் பிரித்தெடுத்து, டிஎன்ஏஸ் 1 என்ற நொதியைச் சிறிது நேரம் அவற்றில் வேலை செய்ய விட்டார்கள். அது டிஎன்ஏவை வெட்டும் நொதி. எழுத்து வரிசையைப் பெரிதாகப் பார்க்காது. எட்டிய இடத்தில் வெட்டும். மொத்த டிஎன்ஏவில் பத்தில் ஒரு பங்கு சிதைந்ததும் நிறுத்தி, மிஞ்சியதில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். சிவப்பணுக்களில் குளோபின் மரபணு ஏறக்குறைய அழிந்திருந்தது. ஃபைப்ரோபிளாஸ்டில் அதே மரபணு பத்திரமாக இருந்தது. சிவப்பணுவுக்குள்ளேயே, முட்டையின் வெள்ளைக்கருப் புரதத்துக்குரிய ஓவால்புமின் மரபணு வெட்டுப்படாமல் தப்பியிருந்தது.

நொதி ஒன்றுதான், மரபணுவும் ஒன்றுதான். ஆனால் ஒரு செல்லில் அது கைக்கு எட்டுகிறது, இன்னொன்றில் எட்டவில்லை. இந்த 'எட்டுவது', 'எட்டாதது' என்ற வேறுபாட்டைத் தீர்மானிப்பது குரோமாட்டின். ஒரே செல் பிரிந்து பிரிந்து நரம்பாகவும் தசையாகவும் தோலாகவும் ஆகும் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கூடவே இன்னொன்றையும் பிடித்துக்கொள்ள வேண்டும்: எட்டும் நிலையில் இருக்கும் மரபணுவெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும் என்று பொருள் இல்லை. புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

சுருளின் அளவுகள்

மனிதச் செல் ஒன்றில் ஏறக்குறைய 640 கோடி கார இணைகள், அதாவது டிஎன்ஏவின் எழுத்துச் சோடிகள், உண்டு. ஓர் இணைக்கு 0.34 நானோமீட்டர் என்று கணக்கிட்டால் டிஎன்ஏவின் மொத்த நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. அது அடங்க வேண்டிய உட்கருவின் குறுக்களவு பெரும்பாலான செல்களில் 6 முதல் 10 மைக்ரோமீட்டர், அதாவது மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

இந்த நூலைச் சுற்றி வைக்கும் உருளைகள்தான் ஹிஸ்டோன் புரதங்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகையிலும் இரண்டிரண்டு சேர்ந்து எட்டுப் புரதங்களாலான ஒரு கட்டை உருவாகிறது. அதன்மேல் 147 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ 1.65 சுற்றாகச் சுற்றிக்கொள்கிறது. இந்த ஒரு சுருளின் பெயர் நியூக்ளியோசோம். 11 நானோமீட்டர் அகலமும் ஐந்தரை நானோமீட்டர் உயரமும் கொண்ட வட்டு. இதன் அணு அளவிலான அமைப்பை 1997-இல் கரோலின் லூகர், டிமோதி ரிச்மண்ட் குழுவினர் 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டார்கள். ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையே சுற்றப்படாத சிறு இணைப்புத் துண்டு இருக்கும். இரண்டையும் சேர்த்தால் சுமார் 200 கார இணைக்கு ஒரு நியூக்ளியோசோம். அப்படியானால் ஒரு செல்லில் மூன்று கோடிக்கு மேல். டிஎன்ஏவும் அதோடு ஒட்டியிருக்கும் இந்தப் புரதங்களும் சேர்ந்த மொத்தத்துக்கே குரோமாட்டின் என்று பெயர்.

இரண்டையும் பிடித்து வைத்திருப்பது மின்னேற்றம். டிஎன்ஏவின் முதுகெலும்பிலுள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின் கொண்டவை. ஹிஸ்டோனில் நிறைந்திருக்கும் லைசீன், ஆர்ஜினீன் ஆகிய அமினோ அமிலங்கள் நேர்மின் கொண்டவை. பிடி வலுவானது, ஆனாலும் அசையாத பிடி இல்லை. தனி நியூக்ளியோசோம்களை ஒளிரும் மூலக்கூறுகளால் குறியிட்டுப் பார்த்தபோது, சுருளின் முனை கால் நொடிக்கு ஒருமுறை தானாகவே விலகி, சில பத்து மில்லிநொடிகளில் மீண்டும் ஒட்டிக்கொள்வது தெரிந்தது. சுருளின் ஓரத்திலுள்ள எழுத்துகள் இப்படி அவ்வப்போது வெளியே தலைகாட்டும். நடுவிலுள்ளவை மிக அரிதாகத்தான் காட்டும். ஆகவே ஒரு புரதம் ஒட்ட வேண்டிய இடம் நியூக்ளியோசோமுக்கு உள்ளே இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. உள்ளே எந்த இடத்தில் என்றும் கேட்க வேண்டும்.

பாடப்புத்தகங்களில் நியூக்ளியோசோம்களுக்கு அடுத்தபடியாக, 30 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கான கயிறு ஒன்று வரையப்பட்டிருக்கும். சோதனைக்குழாயில் அது உருவாகும் என்பது உண்மை. உயிருள்ள செல்களில் பெரும்பாலும் அப்படி ஒன்று தென்படவில்லை. 2017-இல் புதிய எலக்ட்ரான் நுண்ணோக்கி முறையில் பார்த்தபோது 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனில், ஒழுங்கில்லாமல் வளைந்து கிடக்கும் சங்கிலிகள்தான் தெரிந்தன. நெருக்கமாகக் கிடக்கும் பகுதி, இளக்கமாகக் கிடக்கும் பகுதி என்று அடர்த்திதான் மாறுகிறது. நெருக்கமானதை ஹெட்டிரோகுரோமாட்டின் என்றும் இளக்கமானதை யூகுரோமாட்டின் என்றும் 1928-இலேயே எமில் ஹைட்ஸ் பெயரிட்டுவிட்டார். ஆகவே படிப்படியாக முறுக்கேறும் கயிறு என்ற படத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

திறப்பதும் மூடுவதும் எப்படி

செல்லிடம் பல வழிகள் உள்ளன. செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து, நியூக்ளியோசோமை டிஎன்ஏவின் மீது நகர்த்தும் அல்லது அடியோடு பெயர்த்தெறியும் இயந்திரங்கள் உண்டு. ஸ்விஸ்னிஃப் என்ற பெரிய புரதக் கூட்டு அவற்றில் ஒன்று. ஹிஸ்டோனின் ஒரு வகையை எடுத்துவிட்டு அதன் மாற்று வகையைப் பொருத்தும் முறையும் உண்டு. மூன்றாவது வழி, ஹிஸ்டோன்களின் வால்களில் வேதிக் குறிகளை இடுவது. அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஹிஸ்டோன்களின் ஒரு முனை சுருளுக்கு வெளியே வால்போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலிலுள்ள லைசீனில் அசிட்டைல் தொகுதி சேர்ந்தால் அதன் நேர்மின் போய்விடுகிறது. டிஎன்ஏ மீதான பிடி தளர்கிறது. மெத்தில் சேர்ந்தால் மின்னேற்றம் மாறுவதில்லை. அது மற்றப் புரதங்கள் வந்து படித்துப் பார்க்கும் அடையாளம் மட்டுமே. அதனால்தான் ஒரே மெத்தில், இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. எச்3 புரதத்தின் 4-ஆவது லைசீனில் மூன்று மெத்தில் இருந்தால், அது பெரும்பாலும் வேலை செய்யும் மரபணுவின் தொடக்கப் பகுதி. 27-ஆவது லைசீனில் மூன்று இருந்தால், பாலிகோம்ப் என்ற குழு அந்த மரபணுவை அடக்கி வைத்திருக்கிறது. 9-ஆவது லைசீனில் மூன்று என்றால் எச்பி1 என்ற புரதம் வந்து அமர்ந்து இறுக மூடிய பகுதி. கவனிக்க வேண்டிய ஒன்று: 27-ஆவது லைசீனில் அசிட்டைலும் ஏறலாம், அப்போது அது திறந்த நிலைக்கான குறி. ஒரே லைசீனில் இரண்டும் சேர்ந்திருக்க முடியாது. திறப்பவரும் மூடுபவரும் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுகிறார்கள்.

இந்தக் குறிகள்தான் மரபணுவை இயக்குகின்றனவா, அல்லது மரபணு இயங்குவதால் விழும் தடங்களா? குறியையும் வெளிப்பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. இரண்டும் சேர்ந்தே வரும். விடை தந்தது பழ ஈ. அதில் ஹிஸ்டோன் மரபணுக்களின் ஏறக்குறைய நூறு நகல்கள் ஒரே இடத்தில் வரிசையாக இருப்பதால், மொத்தமாக நீக்கிவிட்டு மாற்றியமைத்த நகல்களை வைக்க முடிகிறது. 27-ஆவது லைசீனை மெத்தில் ஏற்க முடியாத ஆர்ஜினீனாக மாற்றியபோது, பாலிகோம்ப் நொதியே இல்லாத ஈக்களில் வரும் அதே குறைபாடுகள் வந்தன (2013). ஆக, அந்தக் குறிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. ஆனால் 4-ஆவது லைசீனை மாற்றிய செல்களில் மரபணுக்கள் தொடர்ந்து ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டன (2012). ஒரு குறியைப் பற்றிக் கிடைத்த முடிவை இன்னொரு குறிக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவை தவிர டிஎன்ஏவின் மீதே மெத்தில் ஏறுவதும் உண்டு. பாலூட்டிகளில் பெரும்பாலும் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது அடர்ந்தால் அந்த மரபணு நீண்ட காலத்துக்கு ஓய்ந்துவிடும்.

கரு முதன்முதலில் தன் மரபணுக்களைத் திறப்பது

விந்தணுவில் ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் புரோட்டமீன் என்ற இன்னும் சிறிய புரதங்கள் டிஎன்ஏவை இறுக்கி வைத்திருக்கும். கருவுற்றதும் முட்டையிலுள்ள ஹிஸ்டோன்கள் வந்து அவற்றை மாற்றுகின்றன. தொடக்கத்தில் கரு, தாய் முட்டையில் சேர்த்து வைத்த ஆர்என்ஏவைக் கொண்டே நாளைக் கடத்துகிறது. சொந்த மரபணுக்களைப் பெருமளவில் திறப்பது எலியில் இரண்டு செல் கட்டத்தில். மனிதரில் நான்கு முதல் எட்டுச் செல் கட்டத்தில். பழ ஈயில் பதின்மூன்று வேகமான உட்கருப் பிரிவுகளுக்குப் பிறகு.

மூடிய குரோமாட்டினை முதலில் யார் திறப்பது? மரபணுவின் படியெடுப்பைக் கட்டுப்படுத்தும் புரதங்களான சாதாரணப் படியெடுப்புக் காரணிகள் நியூக்ளியோசோமில் சுற்றப்பட்ட டிஎன்ஏவில் ஒட்ட மாட்டா. சில மட்டும் ஒட்டும். அவற்றை முன்னோடிக் காரணிகள் என்கிறோம். பழ ஈக் கருவில் அந்த வேலையைச் செய்வது ஸெல்டா என்ற புரதம். பாலூட்டிகளில் நன்றாக ஆராயப்பட்டது ஃபாக்ஸ்ஏ. அதன் டிஎன்ஏ பிடிக்கும் பகுதி, நியூக்ளியோசோமின் வாயிலில் அமரும் எச்1 ஹிஸ்டோனின் வடிவத்தை ஒத்திருக்கிறது. அதனால் சுருளின் மீதே அமர முடிகிறது.

எலிக் கருவின் உள்ளடுக்கான அகப்படையில், கல்லீரல் தோன்றுவதற்கு முன்பே, அல்புமின் மரபணுவின் என்ஹான்சரில் (மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏ துண்டில்) ஃபாக்ஸ்ஏ வந்து அமர்ந்திருக்கிறது. அப்போது அல்புமின் ஒரு துளிகூட உற்பத்தியாவதில்லை. கதவு திறந்திருக்கிறது, ஆள் இன்னும் வரவில்லை. பிறகு அருகிலுள்ள இதயத் திசுவிலிருந்து சமிக்ஞை வந்ததும், மற்றக் காரணிகள் சேர்ந்து மரபணு இயங்கத் தொடங்குகிறது. ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 இரண்டையும் அகப்படையில் நீக்கிய எலிகளில் கல்லீரலே உருவாகவில்லை. சமிக்ஞை வந்தும் பயனில்லை. அதைக் கேட்கும் நிலையில் மரபணு இல்லை. வளர்ச்சி உயிரியலில் திறன் பெறுதல் என்று பழைய நூல்கள் சொல்லும் நிலைக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் இதுதான்.

நினைவில் வைத்திருப்பது

திறப்பதைவிட, திறந்ததைத் திறந்தபடியும் மூடியதை மூடியபடியும் பல பிரிவுகளுக்குக் கடத்துவது கடினமான வேலை. பாலிகோம்ப் என்ற பெயர் வந்த கதையே இதைக் காட்டும். ஆண் பழ ஈயின் முதல் இணைக் கால்களில் மட்டும் சீப்பு போன்ற முள்வரிசை இருக்கும். பாலிகோம்ப் மரபணு பழுதான ஈக்களில் அது இரண்டாம், மூன்றாம் இணைக் கால்களிலும் முளைக்கிறது. உடலின் எந்தப் பகுதியில் என்ன உறுப்பு என்று சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்கள் இருக்கக் கூடாத இடத்தில் இயங்குவதே காரணம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பழுதான கருவிலும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஆரம்பத்தில் சரியான இடத்தில்தான் தொடங்குகின்றன. முதல் சில மணி நேரத்தில் எல்லைகளை வகுக்கும் புரதங்கள் வேறு. அவை வேலை முடிந்ததும் மறைந்துவிடும். அவை போட்ட எல்லையை அதன்பின் காத்து நிற்பதுதான் பாலிகோம்பின் வேலை. காவல் இல்லாதபோது எல்லை பிறகு கலைகிறது. முடிவெடுப்பது ஒருவர், முடிவைக் காப்பது இன்னொருவர்.

பாலூட்டிகளில் 39 ஹாக்ஸ் மரபணுக்கள் நான்கு தொகுதிகளாக உள்ளன. குரோமோசோமில் அவை இருக்கும் வரிசையும் உடலில் தலையிலிருந்து வால்வரை அவை இயங்கும் வரிசையும் ஒன்றே. எலிக் கருவின் வால் மொட்டில் டெனி டுபூலின் ஆய்வகம் பார்த்தபோது, 27-ஆவது லைசீனின் மெத்தில் குறி தொகுதியின் ஒரு முனையிலிருந்து மறு முனை நோக்கிப் படிப்படியாக விலகி, அந்த இடத்தை 4-ஆவது லைசீனின் குறி பிடிப்பது தெரிந்தது. வரிசையின் முன்னால் இருப்பவை முதலில் திறக்கின்றன, பின்னால் இருப்பவை காத்திருக்கின்றன.

செல் பிரியும்போது இந்தக் குறிகள் என்ன ஆகின்றன? டிஎன்ஏ இரட்டிப்பாகையில் பழைய எச்3, எச்4 ஹிஸ்டோன்கள் இரு படிகளுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்து போகின்றன. இடைவெளிகளைக் குறியில்லாத புதிய ஹிஸ்டோன்கள் நிரப்புகின்றன. குறியின் அடர்த்தி பாதியாகிவிடுகிறது. இதை ஈடுகட்டும் ஏற்பாடு பாலிகோம்ப் நொதிக் கூட்டான பிஆர்சி2-க்குள்ளேயே இருக்கிறது. அதன் ஓர் உறுப்பு, ஈஈடி, பழைய நியூக்ளியோசோமிலுள்ள குறியைப் பிடிக்கிறது. பிடித்ததும் இன்னோர் உறுப்பான ஈஸெட்எச்2 முடுக்கம் பெற்றுப் பக்கத்து நியூக்ளியோசோமில் அதே குறியை எழுதுகிறது. டிஎன்ஏ மெத்திலுக்கும் இதே தந்திரம்: இரட்டிப்புக்குப் பின் பழைய இழையில் மட்டும் குறி இருக்கும், அதைக் கண்டு டிஎன்எம்டி1 நொதி புதிய இழையை நிரப்பும்.

இந்த நினைவு எவ்வளவு பிடிவாதமானது என்பதை அறிய, உடல் செல்லின் உட்கருவைக் காலி முட்டைக்குள் வைக்கும் சோதனைகளைப் பார்க்க வேண்டும். டாலி என்ற ஆட்டைப் பெற 277 முட்டைகளில் முயன்று, அவற்றில் ஒன்றே பிழைத்தது. பெரிய தடைகளில் ஒன்று 9-ஆவது லைசீனின் மெத்தில் குறி என்பது பிறகு எலிகளில் தெரியவந்தது. உடல் செல்லில் பூட்டிய அந்தப் பகுதிகளை முட்டையால் உரிய நேரத்தில் திறக்க முடிவதில்லை. 2018-இல் இதே முறையில் குரங்குகளை உருவாக்கிய சீன ஆய்வாளர்கள், அந்தக் குறியை அழிக்கும் நொதிக்கான ஆர்என்ஏவையும், அசிட்டைல் நீக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்தையும் பயன்படுத்தினார்கள். பிழைத்து வளர்ந்த இரண்டும் கருவின் ஃபைப்ரோபிளாஸ்டிலிருந்து வந்தவை.

குளோபின்: ஐந்து மரபணுக்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி

மனிதரின் 11-ஆவது குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என்று ஐந்து குளோபின் மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கருவின் முதல் வாரங்களில் கருவுணவுப்பையில் எப்சிலான். பிறகு கருவின் கல்லீரலில் காமா. பிறப்பை ஒட்டி எலும்பு மஜ்ஜையில் பீட்டா. பிறந்து ஆறு மாதங்களுக்குள் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

எப்சிலானுக்கு முன்னால், சுமார் 6,000 முதல் 22,000 கார இணைகள் தள்ளி, எல்சிஆர் என்ற பகுதி இருக்கிறது. சிவப்பணு வழியில் வரும் செல்களில் டிஎன்ஏஸ் 1 மிக எளிதில் வெட்டும் ஐந்து புள்ளிகள் அதில் உண்டு. இது எந்தப் புரதத்துக்கும் குறியீடு இல்லை. மரபணுக்களைத் தூண்டும் வேலை மட்டுமே. குரோமாட்டின் வளைந்து, எல்சிஆர் எந்த மரபணுவின் தொடக்கப் பகுதியைத் தொடுகிறதோ அது வேகமாக இயங்கும். ஒரே நேரத்தில் ஒரு மரபணுவோடுதான் பெரும்பாலும் இந்த உறவு. ஆகவே காமா விலகினால்தான் பீட்டாவுக்கு முறை வரும்.

இந்த வளைவு காரணமா, விளைவா? கெர்ட் ப்ளோபெலின் குழு அதைச் சோதித்தது. இணைப்பை ஏற்படுத்தும் எல்டிபி1 என்ற புரதத்தை, குறிப்பிட்ட டிஎன்ஏ இடத்தைப் பிடிக்கும்படி செயற்கையாகச் செய்த துத்தநாக விரல் புரதம் ஒன்றின் துணையோடு குளோபினின் தொடக்கப் பகுதியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். எல்சிஆர் வந்து தொட்டது. மரபணு இயங்கத் தொடங்கியது. காமாவில் ஒட்டியபோது, வயதுவந்தவரின் செல்லிலேயே காமா மீண்டும் எழுந்தது.

வயதுவந்தவரில் காமாவை அடக்குவது பிசிஎல்11ஏ என்ற புரதம். அது காமா மரபணுவின் தொடக்கத்துக்கு 115 கார இணைகள் முன்னால் ஒட்டி, அசிட்டைல் நீக்கும் கூட்டுகளை அங்கே அழைத்து வருகிறது. அந்த ஒட்டுமிடத்தில் பிறவியிலேயே எழுத்து மாறியவர்களுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் ஆயுள் முழுவதும் தொடர்கிறது. பீட்டா குளோபின் பழுதான அரிவாள் செல் நோயாளிகளுக்கு இப்படிக் காமா தொடர்ந்தால் நோயின் கடுமை குறையும். அப்படியானால் பிசிஎல்11ஏ மரபணுவையே வெட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது, நோய் எதிர்ப்புக்கான பி லிம்ஃபோசைட்டுகளுக்கு அது தேவை. இங்கேதான் குரோமாட்டின் அறிவு மருந்தாகிறது. பிசிஎல்11ஏ மரபணுவுக்குள் ஓர் என்ஹான்சர் சிவப்பணு வழிச் செல்களில் மட்டும் திறந்திருக்கிறது. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அந்த என்ஹான்சரை மட்டும் பழுதாக்கினால், சிவப்பணுக்களில் மட்டும் பிசிஎல்11ஏ குறைந்து காமா எழுகிறது. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற காஸ்ஜெவி சிகிச்சை இந்த வழியில் செயல்படுவது.

தூரத்திலிருந்து இயக்குபவை

எல்சிஆர் பீட்டாவுக்குச் சில பத்தாயிரம் கார இணைகள் தள்ளித்தான். கை, கால் விரல்களை வகுக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் என்ஹான்சரோ பத்து லட்சம் கார இணை தள்ளி, வேறொரு மரபணுவின் உள்ளே இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கூடுதல் விரல் முளைக்கலாம். இவ்வளவு தூரத்திலிருந்து சரியான மரபணுவைக் கண்டுபிடிக்க உதவுவது, குரோமோசோம் தன்னைத்தானே வளையங்களாக வகுத்துக்கொள்ளும் முறை. கோஹீசின் என்ற வளையப் புரதம் குரோமாட்டின் நூலை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். சிடிசிஎஃப் என்ற புரதம் சரியான திசையில் அமர்ந்திருக்கும் இடத்தில் நிற்கும். ஒரே வளையத்துக்குள் இருப்பவை ஒன்றையொன்று அடிக்கடி தொடும்.

எல்லை அழிந்தால் என்ன ஆகும்? ஈபிஎச்ஏ4 மரபணுவைச் சுற்றியுள்ள எல்லைகள் நீக்கத்தாலோ தலைகீழாகத் திரும்புவதாலோ கலைந்த குடும்பங்களில், அதன் கை, கால் என்ஹான்சர்கள் பக்கத்து வளையத்திலுள்ள மரபணுக்களைத் தூண்டி விரல்கள் குட்டையாகின்றன, ஒட்டிக்கொள்கின்றன அல்லது கூடுகின்றன. எந்தப் புரதத்தின் எழுத்தும் மாறவில்லை. ஆனால் இதை எல்லா மரபணுவுக்கும் விரிக்க முடியாது. செல்களிலிருந்து கோஹீசினைச் சில மணி நேரம் அகற்றினால் வளையங்கள் மறைகின்றன, பெரும்பாலான மரபணுக்களின் வெளிப்பாடு சிறிதளவே மாறுகிறது. தொலைவிலுள்ள என்ஹான்சரை நம்பியிருக்கும் வளர்ச்சி மரபணுக்களுக்குத்தான் எல்லை உயிர்நாடி.

அளந்து பார்க்கும்போது

வைன்ட்ராபின் சோதனையின் இன்றைய வடிவம், திறந்திருக்கும் டிஎன்ஏவை வெட்டி அதன் எழுத்து வரிசையைப் படிக்கும், 2013-இல் வந்த அட்டாக்-சீக். வழக்கமான அளவு 50,000 உயிருள்ள செல்கள். அவற்றைக் குளிர்ந்த கரைசலில் கழுவி, மென்மையான டிடர்ஜென்ட்டால் வெளிச்சவ்வைக் கரைத்து, உட்கருவை மட்டும் எடுக்க வேண்டும். டிஎன்5 என்ற நொதியோடு 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால், அது எட்டிய இடத்தில் வெட்டி, வெட்டிய முனையிலேயே வரிசைப்படுத்தத் தேவையான ஒட்டுத்துண்டையும் பொருத்திவிடும். பிறகு சுத்திகரித்து, பிசிஆரில் பெருக்கி, துண்டுகளின் நீளத்தைப் பார்க்க வேண்டும். 100 கார இணைக்குக் கீழே ஒரு பெரிய குவியல், 200-ஐ ஒட்டி ஒன்று, 400-ஐ ஒட்டி ஒன்று என்று படிக்கட்டாக இறங்கினால் மாதிரி நன்றாக வந்திருக்கிறது. முதல் குவியல் திறந்த டிஎன்ஏ. அடுத்தவை ஒரு சுருள், இரண்டு சுருள் அளவு. (நீளத்தைப் பார்க்கும் கருவி ஒட்டுத்துண்டுகளையும் சேர்த்துக் காட்டும், நூற்றுச் சொச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

படிக்கட்டு தெரியாமல் எல்லாம் ஒரே மேடாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இறந்த செல்களை. இறந்த செல்லின் டிஎன்ஏவில் நொதி கண்டபடி வெட்டும். துண்டுகள் எல்லாம் மிகச் சிறியதாக இருந்தால் செல் குறைவு, நொதி மிகுதி. நீளமாகவே இருந்தால் நேர்மாறு. டிஎன்5 ஒருமுறை வெட்டியதும் தீர்ந்துபோகும் நொதி என்பதால், நேரத்தை நீட்டுவதைவிடச் செல்லுக்கும் நொதிக்குமான விகிதத்தைச் சரிசெய்வதே பலன் தரும். வரிசைப்படுத்திய பின் பாதி வாசிப்புகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போயிருந்தால் அதிசயப்பட வேண்டாம்: அந்த டிஎன்ஏவில் நியூக்ளியோசோம் கிடையாது, ஆகவே முழுக்கத் திறந்தது. உட்கருவை நன்றாகக் கழுவிப் பிரித்தால் குறையும்.

கருத்திசுவில் வேலை செய்பவர்களை அதிகம் ஏமாற்றுவது கலப்பு. கருக் குருத்துச் செல்களில் சில மரபணுக்களின் தொடக்கத்தில் 4-ஆவது லைசீனின் திறப்புக் குறியும் 27-ஆவது லைசீனின் மூடல் குறியும் சேர்ந்தே இருப்பதாக 2006-இல் காட்டினார்கள். இரண்டு பக்கமும் போகத் தயாராக நிற்கும் மரபணுக்கள் என்று பொருள். உங்கள் திசு மாதிரியிலும் இரண்டு குறிகளும் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். பாதிச் செல்களில் ஒன்றும் மீதிச் செல்களில் மற்றொன்றும் இருந்தாலும் படம் அச்சாக இப்படியே வரும். ஒரு குறியின் ஆன்டிபாடியால் (அந்தக் குறியை மட்டும் பிடிக்கும் புரதத்தால்) இழுத்தெடுத்த துண்டுகளையே மறு குறியின் ஆன்டிபாடியால் மீண்டும் இழுத்துப் பார்த்தால்தான் ஒரே நியூக்ளியோசோமில் இரண்டும் இருக்கின்றனவா என்று தெரியும்.

காலத்தையும் மறக்கக் கூடாது. கல்லீரல் உருவான பின் எடுத்த ஒரே மாதிரியில் அல்புமினின் என்ஹான்சர் திறந்திருக்கும், மரபணுவும் இயங்கும். எது முந்தியது என்று அதில் எழுதியிருக்காது. முந்திய கட்டத்தின் அகப்படையையும் சேர்த்து எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் திறப்பையும் ஆர்என்ஏவையும் பக்கம் பக்கமாக அளந்தால்தான், ஆள் வருவதற்கு முன்பே கதவு திறந்திருந்தது கண்ணில் படும்.